நீதிபதியின் கட்சியை விடுங்கள், அடுத்த பதவியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீதிபதிகளின் பழைய கட்சித் தொடர்பைக் குறைசொல்லி வாசகர்கள் எழுதிய கடிதங்களைப் படித்தேன். ராமநாதபுரம் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இங்கே தொண்டிப் பக்கம் படகு வழக்கு, நில வழக்கு என்று அலைகிறவர்கள், புது நீதிபதி வந்ததும் முதலில் விசாரிப்பதே "அவரு எந்தக் கட்சி ஆளு?" என்றுதான். அந்தக் கேள்வியால் பயனில்லை என்பேன்.

சுவிட்சர்லாந்தில் உச்ச நீதிமன்ற நீதிபதிகளை நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் சேர்ந்து தேர்ந்தெடுக்கின்றன. கட்சிகளின் பலத்துக்கேற்ப இடங்களைப் பங்கிடுவது மரபு. யார் எந்தக் கட்சி என்பது ஊரறிந்த விஷயம். சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்சிக்குக் கட்டுவதும் வழக்கம். வலதுசாரிக் கட்சியான சுவிஸ் மக்கள் கட்சியின் பெயரில் 2008இல் தேர்வானவர் இவ் டோன்சலாஸ். 2019 ஜூலையில், யுபிஎஸ் என்ற சுவிஸ் வங்கியின் 40,000 கணக்குகளைப் பற்றிய விவரங்களைப் பிரான்ஸ் வரித்துறைக்குத் தரலாம் என்று மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. தரலாம் என்ற மூவரில் அவரும் ஒருவர். கட்சிக்கோ வங்கி ரகசியம் உயிர். கட்சிக்காரர்தான், ஆனால் தீர்ப்பில் கட்சி இல்லை பாருங்கள்!

ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வந்தது. அங்கே பதவிக்காலம் ஆறு ஆண்டுதான். அது முடிந்தால் மறுபடியும் தேர்வாக வேண்டும். 2020 செப்டம்பரில் அவர் முறை வந்தபோது, அவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்று சொந்தக் கட்சியே சொன்னது. மற்றக் கட்சிகள் கைகொடுத்ததால் பதவி தப்பியது. 2023இல் அந்த நீதிமன்றத்தின் தலைவராகவும் ஆனார். எல்லாருக்கும் அப்படி வாய்க்குமா? மறுதேர்வே வேண்டாம், தகுதியானவர்களைக் குலுக்கல் முறையில் எடுக்கலாம் என்று 2021 நவம்பரில் ஒரு யோசனை மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது. 68 சதவீதம் பேர் அதை நிராகரித்தார்கள்.

நம் நாட்டில் மறுதேர்வு கிடையாது. உயர் நீதிமன்றத்தில் 62 வயது, உச்ச நீதிமன்றத்தில் 65 வயது வரை, நாடாளுமன்றம் பதவிநீக்கம் செய்தாலொழிய, யாரும் அசைக்க முடியாது. கேரளத்தில் 1957இல் அமைச்சராக இருந்த வி.ஆர். கிருஷ்ணய்யர் 1973இல் உச்ச நீதிமன்றம் போனார். ஏழை எளியவர்களும் கைதிகளும் இன்றும் அவர் தீர்ப்புகளால் பயனடைகிறார்கள். பழைய அரசியல் அவரைக் கெடுக்கவில்லை.

நம் சிக்கல் ஓய்வுக்குப் பிறகு தொடங்குகிறது. உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த சதாசிவம் 2014 ஏப்ரலில் ஓய்வு பெற்றார், செப்டம்பரில் கேரள ஆளுநர். அதே பதவியில் இருந்த ரஞ்சன் கோகாய் 2019 நவம்பரில் ஓய்வு பெற்றார், அடுத்த மார்ச்சில் மாநிலங்களவை உறுப்பினர். அவர்கள் தீர்ப்புகளை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அரசுக்கு எதிராக வழக்குப் போட்டு வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறி மதுரைக் கிளைக்குப் போகிற மீனவர் இதைப் பார்த்து என்ன நினைப்பார்? ஓய்வு பெற்ற நீதிபதிகள் அரசுப் பதவி ஏற்கக் கூடாது என்று சட்ட ஆணையம் 1958இலேயே சொல்லிவிட்டது. அதைக் கிடப்பில் போட்டது பெரிய தவறு.

முழுத் தடை முடியாவிட்டால், ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் வரை எந்த அரசுப் பதவியும் கூடாது என்றாவது சட்டம் வர வேண்டும். எங்கள் தொகுதி எம்.பி. இதைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தாலும் சரி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா,
தொண்டி, ராமநாதபுரம் மாவட்டம்.