சீவாளி நாலு அனுப்பியிருக்கிறேன்

மார்கழி 20

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் சௌக்கியம். போன் பண்ணினால் நீ வேலையாக இருக்கிறாய், இல்லாவிட்டால் உங்கம்மா பிடுங்கிக்கொண்டு அழ ஆரம்பித்துவிடுகிறாள். அதனால்தான் கடிதம். கூரியரில் உன் நாதஸ்வரத்துக்குச் சீவாளி நாலு அனுப்பியிருக்கிறேன், திருவாவடுதுறையில் கட்டியது. இரண்டு நன்றாகப் பழகும், ஒன்று சுமார், இன்னொன்றை நீயே வாசித்துப் பார்த்துச் சொல். மெட்ராஸ் ஏசியில் வாயில் வைக்கிற தட்டை காய்ந்துவிடும். மேடை ஏறுவதற்குக் கால்மணி முன்னாலேயே நனைத்து வை. ஐஸ் தண்ணீர் குடிக்காதே.

மார்கழி, கல்யாணம் கிடையாது. விடியற்காலையில் கோயிலுக்கு நானும் தவில் மாமாவும் மட்டும் போய் வருகிறோம். பனிக்குத் தோல் தொய்ந்துவிடுகிறது, மாமா வாரை இழுத்து இழுத்தே பாதி நேரம் போகிறது. அவருக்கும் வயதாகிவிட்டது. சம்பா பரவாயில்லை, பொங்கல் கழித்து அறுப்பு.

நீ சபாவில் பேசியதை மாமா வீட்டுப் பையன் போனில் காட்டினான்.

முதலில் வாசிப்பைச் சொல்லிவிடுகிறேன். கரகரப்பிரியாவில் மேல் காந்தாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாயே, அது என்னிடம் வந்ததில்லை. உன் தாத்தாவிடம் இருந்தது. எனக்கு வராமல் உனக்கு வந்திருக்கிறது. மூன்று தடவை போடச் சொல்லிக் கேட்டேன். பட்டு வேட்டி நன்றாக இருந்தது. கொஞ்சம் இளைத்திருக்கிறாய்.

அப்புறம் பேசினாய். 'எங்க வீட்டுல நாயனத்துல சினிமாப் பாட்டு வாசிச்சதே கிடையாது. எங்கப்பா செத்தாலும் வாசிக்க மாட்டார். காசுக்காகக் கல்யாணத்துல அதை வாசிச்சவங்கதான் இந்த வாத்தியத்தைக் கெடுத்தாங்க' என்றாய். எல்லோரும் கைதட்டினார்கள்.

மாமா அதை இரண்டு தடவை பார்த்தார். 'தம்பி நல்லாப் பேசுது' என்றார். விரல் கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி டப்பாவில் போட்டு மூடினார். டீ வந்தது, குடிக்காமல் எழுந்து போய்விட்டார். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வைத்தீஸ்வரன் கோயில் வரைக்கும் நடந்த மனிதர். எனக்காகச் சொல்லவில்லை, அவருக்காகச் சொல்கிறேன்.

நீ படித்தவன், எனக்குத் தெரியாததெல்லாம் உனக்குத் தெரியும். ஆனால் நாயனச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளை 1940-ல் 'காளமேகம்' படத்தில் கதாநாயகனாகவே நடித்தார். அதனால் அவர் தோடி ராகம் கெட்டுப்போயிற்றா? அவருடைய சிஷ்யர் காருகுறிச்சி அருணாசலம் 1962-ல் 'கொஞ்சும் சலங்கை'யில் ஜானகி அம்மாவோடு ஆபேரியில் வாசித்தாரே, அதற்கு அப்புறம் எந்தக் கல்யாண வீட்டில் எங்களை அதை வாசிக்கச் சொல்லாமல் விட்டார்கள்? வாசிக்கிறவன் காதில் சுத்தம் இருந்தால் சினிமாவில் வாசித்தாலும் சுத்தம்தான். அதற்காகத் தோடியும் டப்பாங்குத்தும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. ஒன்றில்லை. எனக்கும் அது தெரியும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள். தோடியில் நான் ஒரு இடம் தவறவிட்டால் ஊரில் நாலு பேருக்குத் தெரியும், அதில் இரண்டு பேர் என் சொந்தக்காரர்கள். சினிமாப் பாட்டில் தவறவிட்டால் பந்தியில் இலை போடுகிற பையன் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான். நாயனத்தில் வார்த்தை வராது, கேட்கிறவன் மனசுக்குள் அவனே வார்த்தையைப் போட்டுக்கொண்டு கூடவே வருவான். ஒரு எழுத்து இடறினாலும் பிடித்துவிடுவான். ஏழு துளையில் அதை நெளியாமல் கொண்டுவருவது சுலபம் என்று நினைக்காதே.

எது உசத்தி எது மட்டம் என்று சொல்கிறவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். 1946-ல் திருவையாற்றுத் தியாகராஜர் ஆராதனையில் தண்டபாணி தேசிகர் தமிழ்ப் பாட்டுப் பாடினார் என்று எத்தனை பேச்சு, எத்தனை சண்டை. தமிழில் பாடுவதே மட்டம் என்று இருந்த காலம் அது. தாத்தா அந்தக் கதையை எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். நீயும் கேட்டிருக்கிறாய், மடியில் தூங்கிக்கொண்டே.

போன வருஷம் நீயே போனில் சொன்னாய்: துவக்க விழாவுக்கு மங்கள இசை என்று மூன்று மணிக்கு உட்கார வைத்தார்கள், எதிரே மூன்று பேர், அதில் இரண்டு பேர் மைக் கட்டுகிறவர்கள் என்று. பாட்டுக் கச்சேரிக்காரர் வந்ததும் கூட்டம் வந்ததாம். அன்றைக்கு உன் குரல் எப்படி இருந்தது என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்படி வாசலில் உட்கார வைக்கப்பட்ட நீ, எங்களைத் தெருவில் இறக்கிவிட வேண்டுமா?

கோபமாக எழுதிவிட்டேன். கிழிக்க மனசில்லை, இருக்கட்டும். தொண்டையைப் பார்த்துக்கொள். ராத்திரி பனியில் பைக்கில் வராதே. பனியில் வந்துவிட்டு ஐஸ் தண்ணீர் குடிக்காதே.

உன் தங்கைக்கு வேலை நிரந்தரம் ஆகிவிட்டது. கொல்லைச் சுவர் விழுந்தது, கட்டியாகிவிட்டது. ஆடுதுறையில் போன ஆவணியில் ஒரு கல்யாணத்தில் எங்களோடு செண்டை மேளமும் வைத்திருந்தார்கள். பையன்கள் நன்றாக அடித்தார்கள். அவர்களுக்குச் சம்பளம் எங்களைப்போல மூன்று மடங்கு. தாலி கட்டும்போது கெட்டிமேளத்துக்கு மட்டும் எங்களைப் பார்த்துக் கையைக் காட்டினார்கள்.

இதற்குமேல் எழுத வேண்டாம் என்றுதான் நேற்று மடித்து வைத்தேன். தூக்கம் வரவில்லை.

நீ ஆறாவது படித்த வருஷம். வைகாசி முகூர்த்தம், மன்னார்குடிப் பக்கம். வீட்டில் கோயில் திருவிழா என்று சொல்லிவிட்டுப் போயிருந்தேன். அப்போதெல்லாம் அப்படித்தான் சொல்வேன், தாத்தா காதில் விழக்கூடாது என்று. மாப்பிள்ளை அழைப்பில் ஒரே பாட்டை மூன்று தடவை வாசிக்கச் சொன்னார்கள். மூன்றாவது தடவை பெண்ணுக்குத் தாய்மாமன் வந்து நூறு ரூபாய் நோட்டை என் சட்டையில் ஊக்கு வைத்துக் குத்திவிட்டார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்லக்கூடாது, அன்று நான் ரொம்ப நன்றாக வாசித்தேன்.

மறுநாள் மத்தியானம் வீட்டுக்கு வருகிறேன், திண்ணையில் உட்கார்ந்து நீ அதே பாட்டை வாசித்துக்கொண்டிருக்கிறாய். தாத்தாவின் திமிரி நாயனத்தில். டீக்கடையில் கேட்டிருப்பாய். சரணத்தில் நான் மழுப்பிக்கொண்டு போன இடத்தை நீ நிறுத்தி நிதானமாகப் பிடித்தாய். உள்ளே தாத்தா படுத்திருந்தார். எனக்கு என்ன வந்ததோ தெரியாது, வாத்தியம் உன் வாயில் இருக்கும்போதே அறைந்தேன். சீவாளி செருகுகிற கெண்டை இடித்து உதடு கிழிந்தது. 'நம்ம வீட்டுல இதெல்லாம் வாசிக்கிறதில்ல' என்று தாத்தாவுக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன். நீ அழவில்லை. ரத்தத்தோடு என் சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாய். உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றும்போதுதான் பார்த்தேன், நோட்டு ஊக்கோடு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

நீ அதைப் பார்த்தாயா, என் முகத்தைப் பார்த்தாயா என்று இத்தனை வருஷமாகக் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. பார்த்துவிட்டு, அப்பா மானம் போகக்கூடாது என்று மேடையில் அப்படிச் சொன்னாயா? இல்லை, நான் சொன்னதை அப்படியே நம்பிக்கொண்டிருக்கிறாயா? எதுவாக இருந்தாலும் அந்த வார்த்தை என்னுடையது, அடித்துச் சொல்லிக்கொடுத்தேன். நீ படித்த பீஸ், உன் முதல் பாரி நாயனம், நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்து வாங்கினோமே, அதுவும் அந்த மாதிரிக் கல்யாணத்துக் காசுதான். உதட்டில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. போனில் பெரிதாக்கிக் காட்டினான் பையன்.

தை கடைசி முகூர்த்தத்தில் கிரகப்பிரவேசம் என்று உன் தங்கை சொல்லித்தான் தெரிந்தது. மேளம் பேசியாகிவிட்டதா என்று உங்கம்மா கேட்கச் சொன்னாள். தை மாசம், கடைசி நேரத்தில் ஆள் கிடைக்க மாட்டார்கள். ரெக்கார்டு போட்டுவிடலாம் என்று இருந்தாலும் சரி, வீடு உன்னுடையது. உன் சிநேகிதர்கள், சபாக்காரர்கள் எல்லாம் வருவார்கள், தெரியும்.

அன்றைக்கு இங்கே இரண்டு கல்யாணம் கேட்டு வந்தார்கள். நான் அட்வான்ஸ் வாங்கவில்லை. மாமாவும் வாங்கவில்லையாம். ஏன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சீவாளி வந்து சேர்ந்ததும் ஒரு போன் போடு. மாமாவிடமும் இரண்டு வார்த்தை பேசு.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: சிவப்பு நூல் சுற்றியது என் வாயில் பழக்கியது. அதை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதே.