‘சும்மா பிரண்ட்லி தானே’: அயல் தோட்டக் கழகங்களுக்கு ஒரு திறந்த மடல்

காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்களைச் சுற்றியுள்ள தோட்டங்களின் விளையாட்டுக் கழகத் தலைவர்கள், செயலாளர்கள், அணித்தலைவர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

தீபாவளிக்கு வந்த பிள்ளைகள் கொழும்புக்குத் திரும்பிவிட்டார்கள். இனி அவர்கள் வருவது தைப்பொங்கலுக்குத்தான். பொங்கல் கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நமது கிரிக்கெட் பருவம் தொடங்கிவிடும். தொடங்கிய பின் பேசினால் பேச்சு சண்டையாக மாறும் என்பதால், மைதானங்கள் இன்னும் சேறாகக் கிடக்கும் இப்போதே இதை எழுதுகிறேன். எந்தக் கழகத்தையும் பெயர் சொல்லிக் குறைகூற நான் முன்வரவில்லை. சம்பந்தப்பட்டவர்களுக்கு வாசிக்கும்போதே தெரியும்.

கடந்த மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு, அயல் தோட்டமொன்றின் அணியோடு எங்களுக்கு 20 ஓவர் ஆட்டம் ஒன்று இருந்தது. மூன்று வாரங்களுக்கு முன்பே பேசி முடித்த ஆட்டம். சனிக்கிழமை வேலை முடிந்து வந்த பையன்கள் தேயிலைச் செடியின் கிளைகளைக் கழிக்கும் கவ்வாத்துக் கத்தியால் புல் வெட்டி, ஆடுகளத்தின் மேட்டைத் தட்டிச் சமப்படுத்தி, இருட்டிய பிறகு கைபேசி வெளிச்சத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். மேட்டு லயத்தில், அதாவது மேலே உள்ள தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கும் அக்கா ஒருவர் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து முப்பது பேருக்கு ரொட்டி தட்டி, அம்மியில் கட்டச்சம்பல் அரைத்து வைத்திருந்தார். ஒன்பது மணிக்கு வரவேண்டிய வேன் பத்து மணிக்கும் வரவில்லை. பத்து இருபதுக்கு அழைப்பு வந்தது. “அண்ணே, டவுன்ல டோர்னமென்ட் ஒன்னு விழுந்துருச்சு. இது சும்மா பிரண்ட்லி தானே, பிறகு ஒரு நாளைக்கு வைப்போம்.”

அந்த ‘பிறகு ஒரு நாள்’ வரவேயில்லை. எங்கள் பையன்கள் இரண்டு பிரிவாகப் பிரிந்து தங்களுக்குள் ஆடினார்கள், ரொட்டி வீணாகாமல் கீழே இருக்கும் பணிய லயத்துப் பிள்ளைகளுக்குப் போனது, அக்கா எங்களிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ஆனால் அதற்கடுத்த ஆட்டத்துக்கு ரொட்டி சுடக் கேட்டபோது, “வேன் வந்து நின்னதும் சொல்லுங்க, மாவு பிசையிறேன்” என்றார்.

இந்த மடல் முழுவதும் அந்தச் ‘சும்மா’ என்ற சொல்லைப் பற்றியதுதான்.

முதலில் எங்கள் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடங்களுக்கு முன்பு நாங்களும் இதையே செய்தோம். பணப்பரிசு உள்ள சுற்றுப்போட்டி ஒன்றுக்கு ஆசைப்பட்டு, ஏற்கனவே ஒப்புக்கொண்ட சிநேகபூர்வ ஆட்டத்தை வெள்ளிக்கிழமை இரவு கைவிட்டோம். வெள்ளி இரவே சொன்னோம் என்பது எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்ட சமாதானம். முதல் சுற்றிலேயே தோற்று, பதினொரு மணிக்கு ஹட்டன் பஸ் நிலையத்தில் நின்றோம். அன்று நாங்கள் துடுப்பெடுத்தாடியது 30 பந்துகள், வீசியது 30 பந்துகள்.

அந்தக் கணக்கை அன்று பஸ்ஸுக்குக் காத்திருந்தபோதுதான் போட்டுப் பார்த்தேன். அணிக்கு 8 பேர், 5 ஓவர் என்ற முறையில் நடக்கும் மென்பந்துச் சுற்றுப்போட்டியில் ஓர் அணிக்குக் கிடைப்பது 30 பந்துகள் மட்டும். முதலில் இறங்கும் இரண்டு மூன்று பேர் நன்றாக அடித்துவிட்டால் மற்றவர்கள் மட்டையைத் தொடாமலேயே வீடு திரும்புவார்கள். அவர்கள் அடிக்காவிட்டாலும், பின்னால் வருகிறவர் முதல் பந்திலிருந்தே கண்ணை மூடிக்கொண்டு தூக்க வேண்டும். 20 ஓவர் ஆட்டத்திலோ ஓர் அணிக்கு 120 பந்துகள். பதினைந்து வயதுப் பையன் ஒருவன் ஆறாவதாக இறங்கி, ஐந்து பந்துகளைத் தடுத்து, ஆறாவது பந்தில் ஓர் ஓட்டம் எடுக்க அங்கே இடமுண்டு. நாற்பதைத் தாண்டிய கணக்கப்பிள்ளை ஒருவர் மெதுவாக நான்கு ஓவர் வீசவும் இடமுண்டு. பாடசாலை அணியில் கடினப்பந்து ஆட விரும்பும் பிள்ளைக்கு, ஒரு பந்தை விட்டுவிடுவதும் ஒரு திறமைதான் என்பதைக் கற்றுக்கொடுக்க 5 ஓவர் ஆட்டத்தால் முடியாது.

சுற்றுப்போட்டிகளை நான் வெறுக்கவில்லை. கிண்ணமும் ஒலிபெருக்கியும் மாலையில் கொளுத்தும் பட்டாசும் இளைஞர்களுக்கு வேண்டியவைதான். நுழைவுக் கட்டணத்தை மட்டும் எண்ணிப் பார்த்தால் சில வேளை மனம் கசக்கும், ஏனென்றால் அது ஒரு வீட்டின் ஒரு நாள் பேர்ச் சம்பளத்திலிருந்து, அதாவது நாட்கூலியிலிருந்து, பிய்த்துக் கொடுக்கப்படுகிற காசு. ஆனால் அதுவும் அவரவர் விருப்பம். நான் கேட்பது, சுற்றுப்போட்டிக்கு இடம்விட்ட பிறகும் சிநேகபூர்வ ஆட்டங்களுக்கு நாள் மிஞ்சுகிறதா என்பதைத்தான். மிஞ்சுகிறது. தைப்பொங்கலுக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் இடையில் ஏறத்தாழ 13 ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன. நமது வட்டாரத்தில் ஒழுங்காக ஆடும் கழகங்கள் ஏழு. ஒவ்வொரு அணியும் மற்ற ஆறு அணிகளோடும் ஒருமுறை ஆடுவதானால், மொத்தம் 21 ஆட்டங்கள். ஒரு ஞாயிறில் மூன்று ஆட்டம் நடக்க ஓர் அணி ஓய்வெடுக்கும். ஏழே ஞாயிறுகளில் எல்லாம் முடிந்துவிடும். மீதி ஆறு ஞாயிறுகளில் நீங்கள் எந்த டவுனில் எந்தக் கிண்ணத்துக்கு ஆடினாலும் யாரும் கேட்கப்போவதில்லை.

இந்தப் பதின்மூன்று ஞாயிறுகளைத் தாண்டி நமக்கு வேறு காலமும் இல்லை. பதுளை, பண்டாரவளைப் பக்கத்தில் உள்ளவர்கள் ஆனி, ஆடியிலும் காய்ந்த மைதானத்தில் ஆடுகிறார்கள். நமது மேற்குச் சரிவிலோ வைகாசியில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால், ஆவணி கடந்தும் மைதானம் நாற்று நடுகிற பக்குவத்தில்தான் இருக்கும். பங்குனி கடைசியிலேயே பிற்பகலில் இடி இடிக்கத் தொடங்கிவிடுவதால், ஆட்டத்தைக் காலையில் தொடங்கினால்தான் முடிக்கலாம். காலையில் தொடங்கவோ வருகிற அணி நேரத்துக்கு வந்து சேர வேண்டும். மார்கழிப் போயாவிலிருந்து, அதாவது பௌர்ணமி விடுமுறையிலிருந்து, வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவகாலம். வார இறுதியில் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போகும் வாகனங்களுக்குள் நமது வேன் அகப்பட்டால், அரை மணி நேரப் பயணம் இரண்டு மணி நேரமாகும். ஆகவே பிரதான வீதியைக் கடந்து வரவேண்டிய அணிகளின் ஆட்டங்களைப் போயா ஒட்டிய வார இறுதிகளில் வைக்க வேண்டாம். ஆனால் ஒரே தோட்டத்தின் மேற்பிரிவும் கீழ்ப்பிரிவும் ஆடுவதற்குப் போயா தினத்தைவிட நல்ல நாள் கிடையாது. அன்று சாராயக் கடைகள் மூடியிருக்கும், நடுவரின் தீர்ப்பைப் பற்றிய விவாதமும் அதனால் சுருக்கமாக முடியும்.

மாசியில், மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றும் தோட்டங்களில் மன்மதனாகவும் தூதனாகவும் வேடமிடுபவர்கள் பெரும்பாலும் நமது பந்துவீச்சாளர்கள்தான். இரவெல்லாம் ஆடிய பையனைக் காலையில் பந்து வீசச் சொல்வது பாவம். அந்த நாட்களை முன்கூட்டியே தெரியப்படுத்துங்கள். சித்திரையை ஒட்டிக் கொழுந்து மண்டும்போது ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசும், அதாவது மேலதிகக் காசுக்குக் கொழுந்தெடுக்கும் வேலையும், தொடங்கும். அன்று ஒருவன் கொழுந்தெடுக்கப் போனால் அதை நாம் குறையாக எண்ணக் கூடாது. ஆள் குறைந்தால் எதிரணியிலிருந்து ஒருவரை இரவல் வாங்கி ஆடலாம் என்ற பழைய வழக்கத்தை, தயவுசெய்து, எல்லோரும் திரும்ப ஏற்றுக்கொள்ளுங்கள்.

நாள் குறிப்பதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாம் ஆடும் மண் நம்முடையதல்ல. அரசுக்குச் சொந்தமான தோட்டக் காணிகளின் நிர்வாகம் 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளிடம் போனது. பிறகு 53 வருடக் குத்தகையாக அது எழுதப்பட்டது. ஆகவே லயத்துக்கு எதிரில் இருக்கும் மைதானத்தில் ஆடுவதற்கும் தோட்ட முகாமையாளரான துரைக்குக் கடிதம் கொடுத்து அனுமதி வாங்குகிறோம். அனுமதி வாங்கிய நாளில் ஆட்டம் நடக்காமல் போனால், அடுத்த முறை அலுவலகத்தில் நம் கடிதம் வேறு கோப்புக்குள் போய்விடும். தோட்டங்களுக்குள் பணம் செலவிடப் பிரதேச சபைகளுக்கு நெடுங்காலம் இருந்த சட்டத் தடை 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் தளர்ந்திருக்கிறது. மைதான ஓரத்தில் ஒரு வடிகான் கேட்டு ஏழு கழகங்களும் ஒன்றாகக் கையொப்பமிட்டால் பலன் இருக்கலாம். அதை நேரில் பேசுவோம்.

இனி ஆட்டத்துக்குள் வருகிறேன். கடந்த பருவத்தில் இரண்டு தகராறுகள் நடந்தன. ஒன்று, பந்துவீச்சாளர் பக்கம் நின்ற துடுப்பாட்டக்காரர் பந்து வீசப்படுமுன் கோட்டை விட்டு வெளியேறியதால் ரன் அவுட் ஆக்கப்பட்டது. “நட்பு ஆட்டத்தில் இப்படிச் செய்யலாமா” என்று கேட்டவர்களுக்கு, விதி என்ன சொல்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்.சி.சி., 2022 ஒக்டோபரில் இந்த ஆட்டமிழப்பை ‘முறையற்ற ஆட்டம்’ என்ற 41ஆம் விதியிலிருந்து எடுத்து, ‘ரன் அவுட்’ என்ற 38ஆம் விதிக்குள் வைத்துவிட்டது. அது திருட்டு அல்ல. ஆனாலும், பதினான்கு வயதுப் பிள்ளை மறந்து நகர்ந்தால் ஒருமுறை எச்சரிப்பது என்று நமக்குள் வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். பெரியவர்களுக்கு எச்சரிக்கை தேவையில்லை.

மற்றது பனிமூட்டம். நீர்த்தேக்கத்திலிருந்து மூட்டம் ஏறும்போது முதலில் மறைவது கீழ்க்கோட்டில் நிற்கும் களத்தடுப்பாளர், பிறகு நடுவர், கடைசியில் பந்து. அன்று ஒருவர் அடித்த பந்து மூட்டத்துக்குள் போனது. உள்ளே இருந்து “பிடிச்சிட்டேன்!” என்று குரல் வந்தது. பிடித்தானா, பொறுக்கினானா என்பது முருகனுக்கே வெளிச்சம். வானிலையும் வெளிச்சமும் ஆட்டத்துக்கு ஏற்றவையா என்று தீர்மானிக்கும் அதிகாரம் விதிப்படி நடுவர்களுக்கே உரியது. அணித்தலைவர்கள் அதில் தலையிட வேண்டாம். நடுவர் இருவரில் ஒருவரை வருகிற அணியே அழைத்து வரட்டும்.

தேயிலைக்குள் போகும் பந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எந்த மைதானமானாலும் எல்லை முதல் தேயிலை வரிசையாகவே இருக்கட்டும். உருண்டு போனால் நான்கு, நேராக விழுந்தால் ஆறு. பந்தைத் தேடிப் போகிறவர் ஒருவராகப் போகட்டும், வாதுகளை விலக்கி நடக்கட்டும். பதினொரு பேரும் உள்ளே இறங்கி மிதித்தால் மறுநாள் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டில் கங்காணி கேட்கும் கேள்விக்கு நம் வீட்டுப் பெண்கள்தான் பதில் சொல்ல வேண்டும். கிடைக்காத பந்துக்காக யாரும் வருந்தவும் வேண்டாம். எங்கள் ஐந்தாம் நம்பர் தேயிலை மலையில் கவ்வாத்து வெட்டிய வருடம், வெட்டிய வாதுகளுக்கடியில் 17 பந்துகள் கிடைத்தன. மயிர் உதிர்ந்து, மண்ணிறமாகி, சில பாசி பிடித்திருந்தன. அவற்றில் ஒன்றைப் பார்த்து, அது தான் அடித்த ஆறு என்று ஒருவர் இன்றும் சாதிக்கிறார்.

மலையகத்தில் கிரிக்கெட் என்றதும் முரளிதரனின் பெயர் வராமல் இருக்காது. அவருடைய பாட்டனார் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர் என்பதும், பேரன் 2010இல் காலி மைதானத்தில் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்தார் என்பதும் நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். ஆனால் அவர் வளர்ந்தது மைதானமும் பயிற்றுநரும் உள்ள கண்டிப் பக்கத்துப் பாடசாலையில். நமது பிள்ளைகளுக்குப் பயிற்றுநர் இல்லை. அவர்களுக்கு இருக்கும் ஒரே பயிற்சி, தெரியாத மைதானத்தில் தெரியாத பந்துவீச்சாளரை ஒரு முழு இன்னிங்ஸ் எதிர்கொள்வதுதான். அதைத்தான் நாம் ‘சும்மா’ என்கிறோம்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் கேட்க வேண்டும். 2024 ஜூலையில் தம்புள்ளையில் சமரி அத்தபத்துவின் அணி இந்தியாவை வென்று ஆசியக் கிண்ணத்தை எடுத்த பிறகு, எங்கள் தோட்டத்தில் இரண்டு பிள்ளைகள் பையன்களோடு பந்து வீச வருகிறார்கள். இந்தப் பருவத்தில் எங்கள் பதினொருவரில் அவர்களும் இருப்பார்கள். பணப்பரிசுச் சுற்றுப்போட்டியில் அவர்களை இறக்க எந்த அணித்தலைவருக்கும் துணிவு வராது. சிநேகபூர்வ ஆட்டத்தில் வரும். எல்லைக் கோட்டில் நின்று கேலி பேசுபவர்களை அந்தந்தக் கழகமே அடக்கிக்கொள்ள வேண்டும்.

நான் கேட்கும் ஒழுங்கு சிறியது. ஒப்புக்கொண்ட ஆட்டத்தை மாற்றுவதானால் புதன்கிழமைக்குள் சொல்ல வேண்டும். சாவு வீடு, மண்சரிவு, மழை ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு. புதனுக்குப் பின் காரணமின்றிக் கைவிடும் கழகம், அடுத்த ஆட்டத்தில் இரு அணிக்குமான பந்தையும் சாப்பாட்டையும் தன் செலவில் கொண்டுவரட்டும். எங்களுக்கும் இது பொருந்தும். இரண்டு வருடங்களுக்கு முன் நாங்கள் கைவிட்ட கழகத்துக்கு அந்தக் கடனை இந்தத் தை மாதத்திலேயே தீர்க்கிறோம்.

கார்த்திகைக் கடைசி ஞாயிறு காலை பத்து மணிக்கு எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் கூடுவோம். ஒவ்வொரு கழகத்திலிருந்தும் இருவர் போதும். உங்கள் தோட்டத்துத் திருவிழா நாட்களையும் காமன் கூத்து நாட்களையும் எழுதிக்கொண்டு வாருங்கள். ஏழு ஞாயிறுகளையும் அன்றே குறித்துவிடலாம். ரொட்டி உண்டு. அக்காவிடம் நானே பொறுப்பேற்றுச் சொல்லியிருக்கிறேன், ஆகவே வருகிறவர்கள் எத்தனை பேர் என்பதை வெள்ளிக்கிழமைக்குள் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
காசல்ரீ கரையோரத் தோட்டமொன்றின் விளையாட்டுக் கழகச் செயலாளர்