ராயபுரம் மழலையர் பள்ளிப் பெற்றோர் – ஆசிரியர் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய ஆயர் ஐயா அவர்களுக்கும், தாளாளர் அவர்களுக்கும், தலைமை ஆசிரியை அம்மா அவர்களுக்கும், நான்கு மணிக்கே வந்துவிட்ட சில உறுப்பினர்களுக்கும், ஐந்து மணிக்கு மேல் வந்து சேர்ந்த மற்றவர்களுக்கும் ஸ்தோத்திரமும் வணக்கமும். சங்கத்தின் ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் சமர்ப்பிக்கிறேன்.

நிகழ்வுகள்

ஜூனில் பள்ளி ஜெபத்துடன் திறந்தது. ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றினோம், மிட்டாய் போதவில்லை. அறுப்பின் பண்டிகையில் பிள்ளைகள் கொண்டுவந்த காய்கறிகள் ஏலத்தில் நல்ல விலைக்குப் போயின. நவம்பர் 14 குழந்தைகள் தினம் நடந்தது. அந்த மாதக் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு விடுமுறை விடப்பட்டது. கிறிஸ்மஸ் நாடகத்தில் மூன்று சாஸ்திரிகளில் ஒருவர் மேடையிலேயே தூங்கிவிட்டார். பிப்ரவரியில் விளையாட்டு விழா. செயற்குழு கூட வேண்டிய அளவுக்குக் கூடவில்லை. அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

மணல் தொட்டி

பிள்ளைகள் விளையாடப் பள்ளியில் சங்கம் இந்த ஆண்டு ஒரு மணல் தொட்டி அமைத்தது. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. "சந்தாப் பணத்தில் மண்ணையா வாங்கினீர்கள்?" என்று கேட்டவர்கள் உண்டு. வாசலில் நின்று கேட்டார்கள், கூட்டத்துக்கு வந்து கேட்கவில்லை. ஆகவே பதிலை இங்கே பதிவு செய்கிறேன்.

நமது பள்ளி முகப்புச் சுவரில் லூக்கா 2:52 நீல எழுத்தில் இருக்கிறது. பன்னிரண்டு வயது இயேசு எருசலேமிலிருந்து பெற்றோருடன் நாசரேத்துக்குத் திரும்பிய பிறகு எப்படி வளர்ந்தார் என்று சொல்லும் வசனம் அது. ஞானம், வளர்த்தி, தேவகிருபை, மனுஷர் தயவு என்று அதில் நான்கு சொல்லியிருக்கிறது. சேர்க்கை நாளில் அந்தச் சுவரின் கீழேயே வரிசையில் நின்று, "எல்.கே.ஜி.யிலேயே எழுத வைத்துவிடுவீர்கள் அல்லவா?" என்றுதான் நாம் கேட்கிறோம். மற்ற மூன்றையும் கேட்ட பெற்றோர் எவரையும் என் பொறுப்புக் காலத்தில் நான் சந்திக்கவில்லை.

எழுதுவதற்கு வருவோம். ஸ்டான்லி மருத்துவமனையில் பணிபுரியும் நம் உறுப்பினர் ஒருவர் ஜூலைக் கூட்டத்துக்கு எக்ஸ்ரே படங்களோடு வந்து பேசினார். மணிக்கட்டில் சிறு எலும்புகள் எட்டு. பிறந்த குழந்தைக்கு அவை குருத்தெலும்பாகவே இருக்கும். மூன்று வயதில் ஏறக்குறைய மூன்றுதான் எலும்பாகியிருக்கும். எட்டும் முழுதாக ஒன்பது, பத்து வயதுக்கு மேல் ஆகும். அந்தக் கையில் பென்சிலைத் திணித்து நான்கு கோட்டு நோட்டில் பக்கம் பக்கமாக எழுதச் சொல்கிறோம். பிசைவது, அள்ளுவது, பிழிவது, திருகுவது ஆகியவற்றால் விரல்கள் வலுப்பெற்ற பிறகு எழுத்து வருவதே முறை என்று அவர் விளக்கினார். அன்று அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. பார்க்காதவர்களில் சிலர், நம் தெருவிலேயே இருக்கும் டியூஷனுக்கு மூன்றரை வயதுப் பிள்ளையை மாலையில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்து வளர்த்தி. கல்மண்டபம், காசிமேடு, தண்டையார்பேட்டைப் பிள்ளைகளில் பலருக்கு வீடு என்பது ஓர் அறை. வெளியே வந்தால் கண்டெய்னர் லாரி. கடல் பக்கத்தில்தான் இருக்கிறது, மணல் எங்கே இருக்கிறது? நம் கரையோரம் அலைகள் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகம் கட்டியபோது மணல் அதன் தெற்குப் பக்கமே தங்கிவிட்டது. மெரினா அகன்றது; ராயபுரத்துக்கு வடக்கே கடல் கரையைத் தின்றது; இன்று நமக்கு இருப்பது கருங்கல் தடுப்பு. அங்கே சேர்ந்துவிட்ட மணலில் ஒரு பிடியை இங்கே நம் பிள்ளைகளுக்குத் திருப்பித் தர நினைத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்குத் தோட்டம் வேண்டும், விளையாட்டுப் பொருள் வேண்டும் என்று 1837 இல் ஜெர்மனியில் பள்ளி தொடங்கிய ஃப்ரோபெல் ஒரு லுத்தரன் போதகரின் மகன். பிள்ளைகள் கையால் செய்து கற்கும் முறையை வகுத்த மரியா மாண்டிசோரி 1939 இல் அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அடையாறு வரை வந்தது கூவத்தைத் தாண்டி நம் பக்கம் வருவதற்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

மணல் கிடைத்த கதை தனி. எம்-சாண்ட் கருங்கல்லை உடைத்து அரைப்பது. கூராக இருக்கும், தூசி பறக்கும், பிள்ளைகளுக்கு ஆகாது. கடற்கரையில் அள்ளக் கூடாது. சமூகக் கூடம் பழுதுபார்த்தபோது மிஞ்சிய ஆற்று மணலை, சபையின் நிர்வாகத்தைப் பார்க்கும் குருசேகரக் குழு கொடுத்தது. போதாததை விலைக்கு வாங்கினோம். தாய்மார் சிலர் சனிக்கிழமைகளில் வந்து சலித்து, அலசி, காயவைத்தார்கள். திறந்து வைத்த மறுநாளே காசிமேட்டுப் பூனைகள் அதைத் தங்களுக்குக் கட்டிக்கொடுத்ததாக முடிவு செய்துவிட்டன. விசைப்படகு வைத்திருக்கும் தகப்பனார் ஒருவர் பழைய வலையை இரண்டு மடிப்பாக மடித்துச் சட்டம் அடித்துக் கொடுத்தார். அன்றிலிருந்து பூனைத் தொல்லை இல்லை. மழைக்குத் தார்ப்பாய்.

அதில் பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்பதற்கு ஆசிரியைகள் குறிப்பேடு வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம், இதுவரை யாரும் கேட்கவில்லை. பெரிய டப்பா நிறைய எத்தனை சின்ன டப்பா என்று எண்ணுகிறார்கள். சல்லடையை ஆசிரியை வேண்டுமென்றே குறைவாக வைக்கிறார். முதல் மாதம் அழுகையும் கடியும், பிறகு "அவள் முடித்ததும் நான்" என்ற ஏற்பாடு. மனுஷர் தயவு என்று சுவரில் எழுதியிருப்பது இதுதான் என்று நான் நினைக்கிறேன். ஒரு பையன் மணலைக் குவியல் குவியலாக வைத்து, இது வஞ்சிரம், இது சங்கரா என்று ஏலம் விடுகிறான். நானூறு, நானூற்றைம்பது, ஐந்நூறு என்று தடுமாறாமல் ஏறுகிறான். அவனுக்கு ஒன்று முதல் ஐம்பது வரை எழுத வரவில்லை என்பது வீட்டாரின் குறை.

ஆயர் அம்மா, பாறையின்மேல் கட்டிய வீடும் மணலின்மேல் கட்டிய வீடும் கதையைத் தொட்டியிலேயே செய்து காட்டினார். வாளித் தண்ணீரை ஊற்றியதும் மணல் வீடு சரிந்தது. "இன்னொரு முறை விழவையுங்கள்" என்று பிள்ளைகள் விடவில்லை. பாறை வீட்டை எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. இது வேத பாடத்துக்குப் பொருந்துமா என்று மூத்த உறுப்பினர் ஒருவர் எழுத்து மூலம் கேட்டிருக்கிறார். மறுவாரம் பிள்ளைகள் தாங்களாகவே செங்கல் துண்டுகளைத் தேடிவந்து அடியில் வைத்துக் கட்டினார்கள் என்பதை அவருக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். பிற சமயக் குடும்பத்துப் பிள்ளைகளும் சேர்ந்தே கட்டினார்கள்; அவர்கள் வீட்டிலிருந்து ஒரு புகாரும் வரவில்லை.

சந்தா

ஆண்டுச் சந்தா ஜூனில் செலுத்த வேண்டியது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகும் குடும்பங்களுக்கு அந்த 61 நாளும் வருமானம் இல்லை என்று அவர்களுக்கு ஆகஸ்ட் வரை தவணை கொடுத்தோம். அவர்கள் ஜூலையிலேயே கட்டிவிட்டார்கள். மாதச் சம்பளம் வாங்கும், பிள்ளையைக் காரில் கொண்டுவந்து இறக்கும் உறுப்பினர்களுக்குத் தடைக்காலம் எது என்று எனக்குத் தெரியவில்லை. நினைவூட்டுக் கடிதங்கள் பிள்ளைகளின் பையிலேயே பத்திரமாக இருக்கின்றன என்று ஆயாம்மா சொன்னார். பெயர்ப் பட்டியலை வாசிக்க வேண்டாம் என்று ஆயர் ஐயா கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. பட்டியல் என்னிடம் இருக்கிறது.

செயற்குழுவுக்கு வராதவர்களும் பெரும்பாலும் இதே உறுப்பினர்கள்தாம்.

வரவு செலவு

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாக, வரவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு, செலவு எதிர்பார்த்த அளவு, கையிருப்பு கொஞ்சம். தொட்டிக்கான சில்லறைச் செலவுகளில் சிலவற்றுக்கு ரசீது கிடைக்கவில்லை. மணல் கண்ணெதிரே இருக்கிறது.

நன்றி

ஆயர் ஐயா, ஆயர் அம்மா, தாளாளர், தலைமை ஆசிரியை, ஆசிரியைகள், ஆயாம்மாக்கள், குருசேகரக் குழு, ஒலிபெருக்கியும் நாற்காலியும் தந்தவர்கள், வலை தந்தவர், மணல் சலித்த தாய்மார் அனைவருக்கும் நன்றி. பெயர் விடுபட்டவர்கள் பொறுத்தருள்க.

வரும் ஆண்டு

தொட்டிக்கு மேல் நிழல் இல்லை. பதினோரு மணிக்கு மேல் யாரும் உட்கார முடியாது. ஒரு கூரை, கை கழுவப் பிள்ளைகள் உயரத்துக்கு இரண்டு குழாய், முடிந்தால் பக்கத்தில் கீரை விதைக்க ஒரு பாத்தி. கையிருப்பில் இவை நடக்காது. பாக்கிச் சந்தா வந்தால் கூரை போட்டுவிடலாம். குழாய்க்கு யாராவது தங்கள் பிள்ளையின் பிறந்தநாள் காணிக்கையாகக் கொடுக்க விரும்பினால் கல்வெட்டு இல்லாமல் ஏற்றுக்கொள்வோம்.

செயலாளர் பொறுப்பில் நான் தொடர்ந்தே ஆக வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இல்லை. வேட்புமனுப் படிவங்கள் மேசைமேல் இருக்கின்றன. இன்று காலை எத்தனை இருந்தனவோ அத்தனையும் இப்போதும் இருக்கின்றன. முன்வருபவர்களிடம் பதிவேடு, முத்திரை, அலமாரிச் சாவி, பாக்கிப் பட்டியல் எல்லாவற்றையும் இன்றே ஒப்படைக்கத் தயார். தொட்டியின் சாவியை மட்டும் கூரை போட்டு முடியும்வரை என்னிடமே வைத்துக்கொள்ள அனுமதி கேட்கிறேன்.

தேநீருக்குப் பிறகு தேர்தல் நடக்கும். தேர்தல் முடியும்வரை வாசல் கதவைச் சாத்தி வைக்கும்படி காவலாளியிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்