பூனை வேடத்திலிருந்து தொடங்கு

அன்புள்ள மகள் வித்யாவுக்கு,

அம்மா எழுதுவது. உங்கள் ஊர்ப் பிள்ளைகளின் பாடகர் குழு 'ப்ருண்டிபார்' இசைநாடகத்தை மேடையேற்றப் போவதாகச் சொன்னாய். எட்டு வயதுப் பிள்ளைகளிடம் யூத இனப்படுகொலையைப் பற்றி எவ்வளவு சொல்லலாம் என்றும் கேட்டாய். தொலைபேசியில் அவசரமாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எலா வைஸ்பெர்கர் அம்மையாரிலிருந்து தொடங்கு. செக் நாட்டில் நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்திருந்த தெரேசின் முகாமில் 1943 செப்டம்பர் 23 அன்று அந்த நாடகம் முதன்முதலாக நடந்தபோது பூனையாக நடித்த சிறுமி அவர். அங்கே அந்த நாடகம் நடந்த 55 முறையும் பூனை அவர்தான். மேடையில் நிற்கும் நேரத்துக்கு மட்டும் யூதர் என்று காட்டச் சட்டையில் தைத்த மஞ்சள் நட்சத்திரம் இல்லாமல் இருக்க விட்டார்கள் என்பதை அவர் பிற்காலத்தில் ஊர் ஊராகச் சென்று, அதே நாடகத்தில் நடிக்கும் பிள்ளைகளிடம் சொன்னார். கடைசிப் பாட்டுக்கு அவர்களோடு மேடையேறிப் பாடவும் செய்தார். இது எட்டு வயதுக்குப் புரியும். அந்த நட்சத்திரத்தை ஏன் தைத்தார்கள் என்று பிள்ளைகளே கேட்பார்கள். கேட்டதற்கு உண்மையைச் சொல். கேட்காததை வலிந்து திணிக்காதே.

ஆனால் ஒன்றை மட்டும் அவர்கள் கேட்காவிட்டாலும் நீயே சொல்லிவிடு. 1944 ஜூன் 23 அன்று செஞ்சிலுவைச் சங்கத்தார் பார்வையிட வந்தபோது, முகாமுக்கு வெள்ளையடித்து, பூச்செடி நட்டு, இதே நாடகத்தையும் நடத்திக் காட்டி அவர்களை ஏமாற்றினார்கள் நாஜிகள். அந்த இலையுதிர் காலத்திலேயே நடித்த பிள்ளைகளில் பெரும்பாலோரும், இசையமைத்த ஹான்ஸ் க்ராசாவும் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். இதை மறைத்துவிட்டு, கெட்டவனைப் பிள்ளைகள் ஒன்றுகூடி விரட்டும் வெற்றிப் பாட்டை மட்டும் பாடவைத்தால், அன்று பார்வையிட வந்தவர்களுக்குக் காட்டிய காட்சியையே நாமும் காட்டியதாகிவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நாம் இருவரும் பிராகில் யூதர்களின் பிங்காஸ் தொழுகைக்கூடத்துக்குப் போனது நினைவிருக்கிறதா? கொல்லப்பட்ட ஏறத்தாழ 80,000 செக் யூதர்களின் பெயர்களைச் சுவரில் பார்த்துவிட்டு மாடிக்கு ஏறினோம். தெரேசின் முகாமில் இருந்த பிள்ளைகளின் ஓவியங்களுக்கு முன்னால் நான் நகராமல் நின்றதைப் பார்த்து, கால் வலிக்கிறதா என்று கேட்டாய். வலியில்லை, கண்ணு. முப்பது வருடம் ஓவிய ஆசிரியையாக இருந்தவள் நான். எத்தனையோ பிள்ளைகளின் படங்களை மதிப்பெண் போட்டதும் பழைய காகிதத்தோடு கட்டிப் போட்டிருக்கிறேன். அந்த முகாமில் வரையக் கற்றுக்கொடுத்த ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஆசிரியை, கிடைத்த பழைய காகிதங்களில் பிள்ளைகளை வரையச் சொன்னார். ஒவ்வொரு படத்திலும் அவரவர் பெயரை எழுதவைத்தார். 1944 அக்டோபரில் அவரையும் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பிக் கொன்றார்கள். இரண்டு பெட்டிகளில் மிஞ்சிய ஏறத்தாழ 4,500 படங்களால்தான், வரைந்த பிள்ளை உயிரோடில்லாதபோதும் அதன் பெயரும், அது பார்த்த சன்னலும் பூவும் இன்று நமக்குத் தெரிகின்றன. எலா அம்மையாரும் அவரிடம் வரையக் கற்றவர்தான்.

ஒத்திகைக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோர்களையும் வெளியே உட்காரவைக்காமல் உள்ளே கூப்பிடு. வீட்டுக்குத் திரும்பும் வழியில் பிள்ளை கேட்கப்போகும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான். ஒருநாள் பாட்டை நிறுத்திவிட்டு, ஒருபக்கம் எழுதிய காகிதங்களைக் கொடுத்து மறுபக்கத்தில் எல்லோரையும் வரையச் சொல். பெயர் எழுதச் சொல்ல மறக்காதே.

எலா அம்மையார் 2018-இல் காலமாகிவிட்டார். இனி உங்கள் மேடைக்கு அவர் வரப்போவதில்லை. அவர் பேசிய பதிவுகள் இருக்கின்றன. பூனை வேடம் போடும் பிள்ளை யாரோ, அதற்கு வால் தைப்பதற்கு முன்னால் அவற்றில் ஒன்றைப் பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக் காட்டு.

அன்புடன்,
அம்மா