தம்பிக்கும் மகன்களுக்கும் தெரிய வேண்டாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்கத் தற்காப்பு அமைச்சராக இருந்த லாய்ட் ஆஸ்டின், 2023 டிசம்பரில் புரோஸ்டேட் (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டதை அதிபருக்குக்கூடத் தெரிவிக்கவில்லை. பலரும் அவரைச் சாடினார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. என் கணவரும் அதைத்தான் செய்தார். புளோக்கில் எல்லாரிடமும் குடலிறக்க அறுவை என்றே சொல்லிவைத்தார். ஈசூனில் இருக்கும் சொந்தத் தம்பிக்கும் அதே பதில்தான். மருத்துவ அறிக்கையைப் பழைய பஞ்சாங்கங்களுக்கு நடுவில் செருகி வைத்திருந்தார். அவர் சம்மதத்துடன்தான் இதை எழுதுகிறேன்.

ஆஸ்டின் பிறகு மன்னிப்புக் கேட்டார். அமெரிக்க ஆண்களில் எட்டில் ஒருவருக்கும், தம்மைப் போன்ற கறுப்பினத்தவரில் ஆறில் ஒருவருக்கும் இந்நோய் வருகிறது என்றும் எடுத்துச் சொன்னார். அந்தக் கணக்கு நமக்குப் பொருந்தாது. ஆனால் தந்தைக்கோ சகோதரருக்கோ இந்நோய் இருந்தால் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது நமக்கும் பொருந்தும். கறுப்பின ஆண்களும், 65 வயதுக்குள் இந்நோய் கண்டவரின் மகன்களும் சகோதரர்களும் 45 வயதிலேயே பரிசோதனை பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும் என்கிறது அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம். என் கணவருக்கு நோய் தெரிந்தபோது வயது 61. கொழுந்தனாருக்கும் என் இரு மகன்களுக்கும் இது தெரிய வேண்டாமா? நேராகவே கேட்டேன். சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவரே தம்பியைத் தொலைபேசியில் அழைத்தார்.

சிறுநீர் கழிப்பதில் தொல்லை வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று நம் ஆண்கள் இருந்துவிடுகிறார்கள். அந்தத் தொல்லை பெரும்பாலும் சுரப்பியின் சாதாரண வீக்கத்தால் வருவது. புற்றுநோயோ தொடக்கத்தில் அநேகமாக அறிகுறியே காட்டாது. புரோஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தை அளக்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையில் அளவு கூடினாலே புற்றுநோய் என்றும் அர்த்தமில்லை, கிருமித்தொற்றாலும் கூடும். அதனால்தான் மருத்துவரோடு கலந்து பேசி முடிவெடுக்கச் சொல்கிறார்கள். சிங்கப்பூர் ஆண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய்களில் இதுவும் ஒன்று. ஆயினும் அரசாங்கத்தின் தேசியச் சலுகைப் பரிசோதனைத் திட்டத்தில் இது இல்லை. வீட்டுக்கு அழைப்புக் கடிதம் வராது. அவரவர்தான் வாய் திறந்து கேட்க வேண்டும்.

மார்பகப் பரிசோதனைக்குத் தோழிகளாகச் சேர்ந்து போகும் வழக்கம் எங்களிடம் இருக்கிறது. ஆண்களுக்கு அப்படி எதுவும் இல்லை. நம் கோயில்களும் தமிழ் அமைப்புகளும் ஆண்களுக்கென்றே ஒரு கூட்டம் வைத்து, தமிழில் பேசும் மருத்துவரை அழைக்க வேண்டுகிறேன். அங்கே வந்து தம் அனுபவத்தைச் சொல்ல என் கணவர் தயாராக இருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, அங் மோ கியோ