காலாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விடைத்தாள்கள் விடுமுறைக்குப் பின் பிள்ளைகளிடம் வரும். பார்த்துக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். குறுவட்ட விளையாட்டுப் போட்டியிலும் கலைத் திருவிழாவிலும் நம் மாணவர்கள் பரிசு வாங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கும் பயிற்சி தந்த ஆசிரியர்களுக்கும் பாராட்டுகள். குடிநீர்த் தொட்டியையும் கழுவியாயிற்று.

இனி, உங்களோடு பேச நினைத்த விஷயம்.

போன வாரம் பள்ளி விடும் நேரத்தில் கேட்டுக்கு வெளியே ஒரு பெற்றோர் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனின் சட்டையைப் பிடித்து, "எம்புள்ளைய என்னடா சொன்ன?" என்று கேட்டார். அவர் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அந்தப் பையனும் கூட்டாளிகளும் அவர் மகளுக்குப் பட்டப்பெயர் வைத்துப் பல நாளாகக் கேலி செய்திருக்கிறார்கள். நோட்டு அட்டையிலும் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளை முதலில் எங்களிடம்தான் வந்து சொன்னாள். "விளையாட்டுக்குச் சொல்றாங்க, போய் உட்காரு" என்று அனுப்பிவிட்டோம். அது எங்கள் தவறு. அவரிடம் நேரில் சொன்னேன், உங்களிடமும் ஒப்புக்கொள்கிறேன்.

வீட்டில் நாம் என்ன சொல்லித் தருகிறோம்? "அவன் ஒண்ணு குடுத்தா நீ ரெண்டு குடு." இல்லாவிட்டால், "கண்டுக்காத, ஒதுங்கிப் போ." நானும் என் பிள்ளைகளிடம் இரண்டாவதைச் சொன்னவன்தான். முதலாவதைக் கேட்ட பிள்ளை காம்பஸைக் கையில் எடுக்கிறது. இரண்டாவதைக் கேட்ட பிள்ளை திங்கட்கிழமை ஆனால் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்கிறது.

அதனால் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில், கேலி செய்தால் எப்படிப் பதில் சொல்வது என்று நடித்துப் பழக ஆரம்பித்திருக்கிறோம். நிமிர்ந்து நின்று, கத்தாமல், அழாமல், ஒரே வாக்கியம் சொல்ல வேண்டும். வாக்கியத்தைப் பிள்ளைகளே அமைத்தார்கள்: "எனக்குப் பேர் இருக்கு. அதைச் சொன்னாத்தான் திரும்புவேன்." சொல்லிவிட்டு அங்கே நிற்காமல் நகர வேண்டும். மறுபடி நடந்தால் ஆசிரியரிடம் வர வேண்டும். முதல் நாள் பலருக்குக் குரலே எழும்பவில்லை. நான்காவது தடவை பின்வரிசை வரை கேட்டது. நாங்கள் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. சுற்றி நிற்பவர்கள் சிரிக்கக் கூடாது என்றதும், கேலி செய்பவனாக நடித்த பையனுக்கு இரண்டு வரிக்கு மேல் பேச்சே வரவில்லை.

சொன்னால் 'போட்டுக்கொடுத்தான்' என்ற பெயர் வரும் என்றுதான் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தைச் சின்னதாக நினைக்க முடியவில்லை. 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், சாதிரீதியான துன்புறுத்தலைப் பற்றிப் புகார் சொன்ன பிளஸ் டூ மாணவரைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அதன்பின் அமைந்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கேலியில் சாதி நுழைந்தால் அதை நாங்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டோம். சொன்ன பிள்ளையின் பெயர் வெளியே வராமல் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு. பிள்ளைகள் புகாரை எழுதிப் போடும் 'மாணவர் மனசு' பெட்டியை இனி நானே திறக்கிறேன்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வேறு வீட்டுப் பிள்ளையை எந்தப் பெற்றோரும் கேட்டிலோ பஸ் ஸ்டாப்பிலோ நிறுத்தி விசாரிக்கக் கூடாது, மிரட்டக் கூடாது, தொடவே கூடாது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பிள்ளையின் பெயரைப் போட்டு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவதும் கூடாது. மீறினால் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைப்பேன்; தேவைப்பட்டால் காவல் நிலையத்துக்கும் போவேன். சட்டை பிடிபட்ட பையன் மூன்று நாள் பள்ளிப் பக்கமே வரவில்லை. அவன் செய்தது தப்புதான். அவனுக்கும் வயது பதினொன்று.

உங்கள் பிள்ளை ஏதாவது சொன்னால் முதலில் முழுவதும் கேளுங்கள். பிறகு என்னிடம் வாருங்கள். காலை 10 முதல் 11 வரை அறையில்தான் இருப்பேன். எங்கள் பதிலில் திருப்தி இல்லையென்றால் கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான சைல்டுலைன் 1098 என்ற உதவி எண்கள் இரண்டும் உங்களுக்காகத்தான். நான் தவறாக நினைக்க மாட்டேன்.

அந்தப் பெற்றோர் மறுநாளே பையனின் வீட்டுக்குப் போய் அவன் அம்மாவிடம் வருத்தம் தெரிவித்திருக்கிறார். அவருக்கும், அவரை உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்த அந்த அம்மாவுக்கும் என் மனமார்ந்த நன்றி. நான்காம் நாள் பையன் பள்ளிக்கு வந்தான். நோட்டுக்குப் புது அட்டை போட்டுக் கொடுத்திருக்கிறான்.

அன்புடன்,
தலைமையாசிரியர்