அண்ணிக்கு: ‘கூப்பிட’ என்று நின்ற வாக்கியம்

அன்புள்ள அண்ணி,

போன ஞாயிறு சாப்பாட்டு மேசையில் நடந்ததை நேரில் சொல்ல வாய் வரவில்லை. பெயர் போடாமல் இங்கே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பேச முடியாத அண்ணன், அடித்ததைக் குரலாகச் சொல்லும் தன் கருவியில் கண்ணாலேயே ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தார். திரையில் ‘மாமாவைக் கல்யாணத்துக்குக் கூப்பிட’ என்று வந்ததுமே, “சரி, கூப்பிட்டுடலாம்” என்று எழுந்து போய்விட்டீர்கள். அவர் அடித்து முடித்த சொல் ‘வேண்டாம்’. அந்த இயந்திரக் குரல் முழு வாக்கியத்தையும் உங்கள் காலி நாற்காலியிடம் சொன்னது.

உங்கள் மேல் தப்பில்லை. தமிழில் ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ எல்லாம் வாக்கியத்தின் வாலில்தான் இருக்கிறது. ஆங்கிலமாக இருந்தால் ‘டோன்ட்’ முதலிலேயே வந்து நம்மை உட்கார வைத்திருக்கும்.

அண்ணனைப் போலவே கருவி வழியாகப் பேசிய இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் 1985-ல் பேச்சை இழந்தார். கையில் சுவிட்சை அழுத்திய காலத்தில் நிமிடத்துக்குச் சுமார் 15 சொற்கள் வந்தன. கை ஓய்ந்து, கன்னத் தசையை அசைத்து எழுதிய கடைசி ஆண்டுகளில் ஒன்றிரண்டுதான். நீங்களும் நானும் பேசினால் நிமிடத்துக்கு 150 சர்வசாதாரணம். அவரைப் பார்க்கப் போனவர்கள் ஒரே பதிலுக்குப் பல நிமிடம் காத்திருந்தார்கள். (அண்ணனின் கருவி நியூஸ் வாசிக்கிறது என்பீர்களே, ஹாக்கிங்கின் குரலும் அப்படித்தான். டென்னிஸ் கிளாட் என்பவர் தன் குரலை வைத்து உருவாக்கியது. பிறகு நல்ல குரல்கள் வந்தும் ஹாக்கிங் மாற்றிக்கொள்ளவில்லை.)

ஊகிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மாத்திரை, தண்ணீர், ஃபேன் என்றால் முதல் எழுத்திலேயே பிடித்துவிடுங்கள், அவர் கண்ணுக்காவது ஓய்வு. ஆனால் அவர் கிண்டல் செய்யும்போது ஊகிக்காமல், முடிக்கும்வரை காத்திருங்கள். சாம்பாரைப் பற்றி அன்று அவர் அடித்த ஜோக், நாம் மோருக்குப் போன பிறகுதான் ஒலித்தது. யாரும் சிரிக்கவில்லை. எதைப் பற்றி என்றே யாருக்கும் புரியவில்லை.

இன்னொன்று. அவர் அடிக்கும்போது பின்னால் நின்று திரையைப் படிக்கிறோம். எதிரே உட்கார்ந்தால் முகம் தெரியும். புருவத்தை ஏற்றினால் ‘ஆமாம்’ என்பது இந்தக் கருவி வருவதற்கு முன்பே உங்கள் இருவருக்கும் பழகிய பாஷைதானே?

மாமாவுக்குப் பத்திரிகை இன்னும் தபாலில் போடவில்லையென்றால் கொஞ்சம் பொறுங்கள். ஏன் வேண்டாம் என்று எனக்கும் தெரியாது. ‘ஏனென்றால்’ வரை அடித்தார், அதற்குள் நீங்கள் பாயசத்தோடு வந்துவிட்டீர்கள்.

அன்புடன்,
உங்கள் கொழுந்தன்